காகங்கள் வராத சுவைவிழா

சுவைவிழாவுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். பனங்காய்ப் பணியாரமும் ஒடியல் பிட்டும் செய்கிற நயினாதீவுப் பெண்கள் முதல் வள்ளத்திலேயே வந்து இறங்கினார்கள். மடத்துவெளியார் உயிர் நண்டுகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தார்கள். சரவணையிலிருந்து ஒரு பெரிய கூழ்க் கிடாரத்தை மாட்டு வண்டிலில் ஏற்றி, அது உருளாமல் இரண்டு பேர் கட்டிப்பிடித்தபடி வந்தார்கள். அரசாங்கக் கச்சேரியிலிருந்து உத்தியோகத்தர்கள் வந்தார்கள். சுகாதாரப் பரிசோதகர் வந்தார். சுவைத்துத் தீர்ப்புச் சொல்ல மூன்று பெரியவர்கள் வந்தார்கள். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து வாடகைக் கார் பிடித்து வந்த குடும்பங்கள் குடைகளோடு நின்றன. எங்கள் நெடுந்தீவுக் கொட்டிலில் அத்தான், அக்கா, அக்காவின் ஐந்து மாதப் பெண்குழந்தை, எங்கள் தீவில் கள்ளுச் சீவுகிற அண்ணை, நான் என்று ஐந்து பேர். வராதவை காகங்கள் மட்டுந்தான்.

கருவாடு காயப்போடுகிற ஊர்காவற்றுறைக் கரையில் காகம் இல்லாத ஒரு நாளை அதற்கு முன்னர் நான் கண்டதில்லை. அன்றைக்கு வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மைதானத்தின் நடுவே நட்ட கம்பத்தில் ஒரு செத்த காகம் தலைகீழாகத் தொங்கியது. ஒரு செட்டை விரிந்து, காற்றடிக்கும்போதெல்லாம் கம்பத்தில் தட்டிக்கொண்டிருந்தது. அதைக் கட்டித் தொங்கவிட்டவன் நான்.

விழாவுக்கு மூன்று நாளுக்கு முன்னர் சுகாதாரப் பரிசோதகர் மைதானத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். கொட்டில் கூரைகளில் வரிசையாகக் குந்தியிருந்த காகங்களைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "காகம் கொத்தின சாப்பாட்டை நான் ஒருத்தருக்கும் குடுக்க விடமாட்டன். என்ன செய்வீரோ எனக்குத் தெரியாது" என்றார். நான் அப்போது எங்கள் தீவு முன்னேற்றச் சங்கத்தின் உபசெயலாளர். எஸ்.எஸ்.சி. சித்தியடைந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள். ஒரு உத்தியோகத்தர் என்னிடம் ஒரு காரியத்தை ஒப்படைத்தால் அதை அவர் எதிர்பார்த்ததற்கு மேலாகச் செய்து காட்டவேண்டும் என்கிற வெறி எனக்கு இருந்தது. தோட்டக்காரர்கள் செத்த காகத்தைக் கட்டித் தொங்கவிட்டு மற்றக் காகங்களை வரவிடாமல் செய்வதைப் பார்த்திருந்தேன். துவக்கு வைத்திருந்த ஒரு காவற்காரரைப் பிடித்து ஒரு காகத்தைச் சுடுவித்து, நானே கயிறு கட்டி ஏற்றினேன். நூற்றுக்கணக்கில் காகங்கள் கூடிவந்து ஒரு மணித்தியாலம் கத்தித் தீர்த்தன. பிறகு ஒன்றொன்றாகப் போயின. அடுத்த நாளும் வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பரிசோதகர் வந்து பார்த்துவிட்டு, "கெட்டிக்காரன் நீர்" என்றார். அந்த ஒரு சொல்லோடு நான் இரண்டு நாள் நிலத்தில் கால் படாமல் திரிந்தேன்.

அத்தானைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன். காகத்தைத் தொடாமல் அவரைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

எங்களைப் பெற்ற ஐயா கடலில் போய்விட்டார். அக்காவை அத்தான் கட்டும்போது எனக்கு ஒன்பது வயது. வலையிழுக்கப் பழகவேண்டிய வயது என்று எல்லோரும் சொன்னார்கள். "உவன் படிக்கட்டும், வலைக்கு நான் காணும்" என்று அத்தான் சொன்னாராம். ஊர்காவற்றுறையில் தங்கிப் படித்த எட்டு வருடமும் ஞாயிறு பூசை முடிந்ததும் தன் வள்ளத்தில் என்னை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிடுவார். சோதனை முடிவு வந்த அன்று அந்தக் கடதாசியை வாங்கி, எழுத்துத் தெரியாமல் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டினார். அதற்குப் பிறகு அவருக்கு எந்தக் காரியத்திலும் கடைசிக் கேள்வி ஒன்று இருந்தது: "புத்தகத்திலை என்ன போட்டிருக்குத் தம்பி?" வயிற்றுவலிக்கும் கேட்பார், பிறை பார்ப்பதற்கும் கேட்பார். நான் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததையும் சொல்லியிருக்கிறேன்.

விழாவுக்கு முந்திய மாரியில் அவருடைய வலது கால் வள்ளத்துக்கும் இறங்குதுறைக் கல்லுக்கும் இடையில் நசிந்தது. எலும்பு பொருந்தியது, ஆனால் நடை பொருந்தவில்லை. ஆடுகிற வள்ளத்தில் காலை ஊன்றி நிற்க ஏலாது. அப்படியும் போனார். அவர் வள்ளம் திரும்பும்வரைக்கும் அக்கா கரையிலேயே நிற்பாள். சுவைவிழாவில் எந்தத் தீவின் கொட்டில் முதலாவதாக வருகிறதோ, அந்தக் கொட்டில்காரருக்கு இறங்குதுறையடியில் புதிதாகக் கட்டிய சாப்பாட்டுக் கடையை நடத்தக் கொடுப்பது என்று சங்கங்கள் சேர்ந்து முடிவெடுத்திருந்தன. அந்தச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோனவனும் நான்தான். அக்கா கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "கடை கிடைச்சால் இவர் கடலுக்குப் போகத் தேவையில்லை, என்ன?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

என்ன சமைப்பது என்பதில் யோசனையே இருக்கவில்லை. அக்காவின் ஆமை இறைச்சிப் பிரட்டலைத் தின்றவர்கள் வேறு கறியைப் பேசமாட்டார்கள். ஆமைக் கறிக்குக் கள்ளு வேண்டும். கள்ளுக்கார அண்ணை எங்கள் தீவின் தெற்குக் கரையில் தனித்து நின்ற ஒரு பனையின் கள்ளை வேறு முட்டிக் கள்ளோடு கலக்காமல் கொண்டுவருவதாக ஏற்றுக்கொண்டார். ஆமை ஒன்று விழாவுக்கு இரண்டு நாள் முன்னர் அத்தானின் வலையில் பட்டது. நடுத்தர அளவு. அதை மல்லாத்தி வள்ளத்தில் கிடத்திக் கொண்டுவந்தோம். வழி முழுக்க அது செட்டையால் காற்றை அடித்துக்கொண்டே வந்தது.

அன்று விடிந்தபோது இருந்த சந்தோசத்தையும் நான் எழுதவேண்டும். அது பொய்யில்லை. கொட்டில் கொட்டிலாகப் புகை எழும்பியது. கூழில் போட்ட மீன்தலையின் வாசம், பனங்களி எண்ணெயில் பொரியும் வாசம், மேலே கள்ளின் இளம் புளிப்பு. ஒலிபெருக்கிக்காரன் திரும்பத் திரும்ப "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று சொல்லிச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். மற்றத் தீவுக்காரர் எங்கள் கொட்டிலுக்கு வந்து அண்ணையின் முட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். அவர் பன்னாடையால் வடித்து, பனையோலைப் பிளாவில் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்தார். "விழுங்கிப்போடாதேங்கோ. நாக்கிலை வைச்சிருந்து பாருங்கோ. உப்புக் காத்துத் தெரியுதோ?" என்பார். தெரிகிறது என்றால் சிரிப்பார். "இது காலமை ஆள். மத்தியானம் வாருங்கோ, இதே முட்டிக்குள்ளை வேறை ஒருத்தன் இருப்பான்." சரவணைக்காரர் ஒருவர் தன் ஊர்க் கள்ளையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தார். பிளாவைக் கீழே வைத்தார். பிறகு, "உங்கடை பனைக்கு அப்பிடி என்ன கவலை அண்ணை?" என்றார். கொட்டிலே சிரித்தது.

அத்தான் சிரிக்கவில்லை. அவர் பின்பக்கம் கரையில் ஒரு கல்லின் மேல் குந்தியிருந்தார்.

கடலோரச் சனங்கள் ஆமையை வெட்டினால் முதலில் ஈரலில் ஒரு துண்டை வெட்டிக் காகத்துக்குப் போடுவார்கள். கடலில் எதையோ தின்றுவிட்டுச் சில ஆமைகள் நஞ்சேறிக் கிடக்கும். பார்வைக்குத் தெரியாது, மணத்தில் தெரியாது, சமைத்தாலும் போகாது. காகம் கொத்தித் தின்றால் சமைப்பார்கள். கொத்திப் பார்த்துவிட்டு விலகினால் முழு ஆமையையும் கிடங்கு வெட்டி மண்ணுக்குள் தாழ்ப்பார்கள். எவ்வளவு வறுமையிலும் இதில் மாற்றம் இல்லை. அத்தான் விடியலிலேயே ஈரல் துண்டை எதிரே கல்லில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஒலிபெருக்கியும் கம்பமும் எனக்குப் பின்னால் இருக்க, நான் அவரிடம் போனேன்.

"காகத்தைக் காணேல்லைத் தம்பி" என்றார்.

"அதுகள் வராது அத்தான். நான்தானே காகம் கட்டியிருக்கிறன். அந்தப் பயத்திலை நிக்குதுகள். ஆமையிலை ஒரு பிழையும் இல்லை."

"பிழை இல்லையெண்டு காகமெல்லோ சொல்லவேணும்."

"காகம் வராததுக்குக் காரணம் தெரியும்தானே. அப்ப ஏன் பயம்?"

அவர் யோசித்தார். "ஆமை நஞ்சைப்பற்றிப் புத்தகத்திலை என்ன போட்டிருக்கு?"

"நான் படிச்ச ஒரு புத்தகத்திலையும் அப்பிடி இல்லை" என்றேன். அது உண்மை.

"புத்தகம் எழுதினவர் ஆமை திண்டிருக்க மாட்டார்" என்றார் அத்தான். கள்ளுக்கார அண்ணை பின்னால் நின்று சிரித்தார். பிறகு அத்தான் ஈரலை ஒரு வாழையிலைத் துண்டில் வைத்து என் பக்கம் நீட்டினார். "நீ ஒருக்கால் சந்தைப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுப் பார். அங்கை காகம் நிக்கும். இந்தக் காலோடை நான் போய்த் திரும்ப மத்தியானமாகும்."

சந்தை அரை மைல் தூரம். போய், போட்டுப் பார்த்து வர அரை மணித்தியாலம். இந்த இடத்தை நான் பன்னிரண்டு வருடமாக யாருக்கும் சொல்லவில்லை. அக்காவுக்கும் சொல்லவில்லை, சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. அத்தானிடம் நான் சொன்ன காரணம் நேரம் இல்லை என்பது. கச்சேரிக்காரர் வரப்போகிறார்கள், அவர்கள் இருக்கக் கதிரை அடுக்கவேண்டும் என்றேன். நேரம் இருந்தது. நான் வெள்ளை வேட்டியும் புதுச் சேட்டும் போட்டு, நெஞ்சில் 'உபசெயலாளர்' என்று எழுதிய பட்டியைக் குத்தியிருந்தேன். இரத்தம் சொட்டுகிற ஈரலை இலையில் ஏந்திக்கொண்டு, பட்டினத்துக் கார்கள் வருகிற பெருந்தெருவில், காகம் தேடிக்கொண்டு போகிற ஒருவனாக என்னை யாரும் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான். அதைவிட வேறு காரணம் இல்லை.

அத்தான் என் முகத்தைப் பார்த்தார். என் புதுச் சேட்டையும் பார்த்தார் என்று இப்போது நினைக்கிறேன். இலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு, "சரி விடு. இண்டைக்கு நான்தான் காகம்" என்றார்.

அக்கா அடுப்படியிலிருந்து, "உதென்ன விசர்க்கதை? ஆமை வேண்டாமெண்டால் விடுவம், மீனைக் காய்ச்சுவம்" என்றாள்.

"மீன் எல்லாக் கொட்டிலிலையும் கிடக்கு. மீனுக்குக் கடை தருவினமோ?" என்றார் அத்தான்.

ஈரலை அவரே சுட்டார். உப்பும் மிளகும் தூவிச் சாப்பிட்டார். கள்ளுக்கார அண்ணை, "தனிக் காகம் எங்கையாவது திண்டதோ? தாரும் எனக்கும்" என்று ஒரு பங்கை வாங்கித் தின்றார். இரண்டு பேரும் ஒரு பிளா கள்ளை மாறி மாறிக் குடித்துவிட்டு, கல்லில் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்து கடலைப் பார்த்தார்கள். அண்ணை இடைக்கிடை "கா" என்று கத்திக் காட்டினார். ஒரு மணித்தியாலம் போனது. இரண்டு போனது. ஒன்றும் நடக்கவில்லை. அத்தான் எழும்பி, நொண்டிக்கொண்டே கொட்டிலுக்குள் வந்து, "காய்ச்சு" என்றார். ஆமை நஞ்சு மெல்ல வேலை செய்யும் என்பதையும், அதற்கு ஒரு பகலும் ஒரு இரவும்கூட வேண்டும் என்பதையும் எங்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. எங்கள் ஊரில் காகத்தைக் கேட்காமல் தின்றவர் இல்லை, ஆகவே அதை அறிந்தவரும் இல்லை.

அக்கா காய்ச்சினாள். பால்குடிக்கிற பிள்ளை இருக்கிறது, உறைப்புச் சாப்பிடமாட்டேன் என்றவள், உப்புப் பார்க்க மட்டும் இரண்டு துண்டு வாயில் போட்டாள். நான் சாப்பிடவில்லை. ஓடித் திரிந்ததில் நேரம் கிடைக்கவில்லை. மத்தியானம் தீர்ப்புச் சொல்கிற மூன்று பேரும் வந்து, ஒவ்வொரு துண்டு இறைச்சியை வாயில் வைத்து, அதன் மேல் தனிப்பனைக் கள்ளை ஒரு மிடறு குடித்தார்கள். மூவரில் வயதானவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "இதுக்குப் பிறகு ஒண்டும் வேண்டாம், நாக்கு இதோடையே இருக்கட்டும்" என்றார். ஆமை ஒன்றுதான் என்பதால் வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு சிறு துண்டுதான் கொடுக்க முடிந்தது. அது போதாது என்று சனங்கள் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பைப் பிறகு எத்தனை தரம் நன்றியோடு நினைத்திருக்கிறேன்.

பின்னேரம் ஒலிபெருக்கியில் எங்கள் தீவின் பெயரைச் சொன்னார்கள். கடைக் கடிதத்தை உறையில் போட்டு அத்தானின் கையில் கொடுத்தார்கள். அவர் அதை இந்த முறையும் தலைகீழாகத்தான் பிடித்தார். அக்கா அழுதாள். கடல் இனி வேண்டாம் என்பதற்காக அழுதாள். அன்று எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அத்தான், அக்கா, குழந்தை, அண்ணை, நான். எங்களுக்குப் பின்னால் கம்பமும் அதில் தொங்குவதும் மங்கலாகத் தெரிகின்றன.

அடுத்த நாள் வீட்டில் இருந்தபோது, "உன்ரை அக்கா மிளகாயைக் கொட்டிப்போட்டாள், நாக்கு எரியுது" என்றார் அத்தான். பின்னேரம் அவருக்குத் தொண்டையால் எச்சிலும் இறங்கவில்லை. தின்றதையெல்லாம் சத்தி எடுத்தார். அக்காவுக்கும் வாய் புண்ணானது. அப்போதுதான் அத்தானும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வள்ளத்தில் ஏற்றி ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விழாவில் தின்ற வேறு பலரும் அங்கே பாயில் கிடந்தார்கள். தீர்ப்புச் சொன்ன வயதானவரும் கிடந்தார். டாக்குத்தர் தன்னால் ஆனதெல்லாம் செய்தார். இதற்கு மாற்று மருந்து இல்லை என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அதை நான் அத்தானுக்குத் தமிழில் சொல்லவில்லை. சிறு துண்டு தின்றவர்கள் ஒவ்வொருவராக எழும்பி வீட்டுக்குப் போனார்கள்.

குழந்தை சத்தி எடுக்கவில்லை, அழவும் இல்லை. நன்றாக நித்திரை கொள்கிறாள் என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். பால் கொடுக்க எழுப்பினாள். எழும்பவில்லை. நஞ்சு பாலில் போயிருக்கிறது. இறைச்சி தின்ற தாய் பிழைத்தாள். அவளிடம் குடித்த பிள்ளை பிழைக்கவில்லை.

கள்ளுக்கார அண்ணை ஆசுப்பத்திரிக்கே வரவில்லை. தனியாக இருந்த மனிதர். தெற்குக் கரைப் பனையில் முட்டி நிரம்பி, கள் மரத்தால் வழிந்து, அடியில் எறும்பு மொய்த்துக் கிடந்ததைக் கண்ட பிறகுதான் சனங்கள் அவரைத் தேடிப் போயிருக்கிறார்கள். பாயில் திரும்பிப் படுத்தபடி இருந்தாராம்.

அத்தான் நாலு நாள் இருந்தார். நித்திரையும் விழிப்புமாக இருந்தார். மூன்றாம் நாள் காலை கொஞ்சம் தெளிந்து என்னைக் கிட்ட வரச் சொன்னார். வாய் முழுக்கப் புண், பேச்சு சரியாக வரவில்லை.

"தம்பி, நீ சந்தைக்குக் கொண்டுபோயிருந்தாலும் அதுகள் திண்டிருக்கும். சந்தைக் காகம் எதையும் தின்னும். நீ அதை யோசிச்சுக்கொண்டு திரியாதை" என்றார்.

அவர் அதை நம்பிச் சொல்லவில்லை. அறுபது ஆமை வெட்டிய மனிதர், காகம் எதைத் தின்னும் எதைத் தின்னாது என்று அவருக்குத் தெரியாதா? எனக்கு ஒரு வழியை வைத்துவிட்டுப் போகப் பார்த்தார். அந்த வழியால் நான் இன்றுவரை போகவில்லை. பிறகு அவர், "பிள்ளை எழும்பிட்டாளோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவரிடம் நான் சொன்ன பொய் அதுவும் ஒன்று.

சவக்காலையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு குழி வெட்டினார்கள். சிறியதை முதலில் மூடினார்கள். நான் ஊர்காவற்றுறைக்குப் போய்க் கடைக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கியவர் உறையைத் திறக்காமலே மேசைக்குள் வைத்தார். திரும்பும்போது மைதானத்தைப் பார்த்தேன். கொட்டில்களைப் பிரித்துவிட்டார்கள். கம்பத்தை மட்டும் யாரும் தொடவில்லை. நானே ஏறி, கயிற்றை அறுத்து, அந்தக் காகத்தை எடுத்து மணலில் புதைத்தேன். நான் கம்பத்திலிருந்து இறங்கும்போதே பக்கத்துப் பூவரச மரத்தில் ஒரு காகம் வந்து குந்திவிட்டது.

நான் இப்போது பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அக்கா என்னோடு இருக்கிறாள். என்னில் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை அவள் பேசியதில்லை. ஆமை எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. ஆனால் எந்த மீனை வெட்டினாலும் ஈரலில் ஒரு துண்டை எடுத்துக் குசினி வாசற்படியில் வைத்துவிட்டு, சட்டியை அடுப்பில் ஏற்றாமல் நிற்பாள். பாரை மீனுக்கும் விளை மீனுக்கும் நஞ்சில்லை என்று அவளுக்கு எவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை, அவள் மீன்காரரின் பிள்ளை. இருந்தும் நிற்பாள். காகம் தின்ற பிறகுதான் அடுப்பு எரியும்.

போன கிழமை ஒரு நாள் பக்கத்து வளவில் கலியாணம். வெடி கொளுத்தியதில் காகங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டு நின்றேன். அக்கா வாசற்படியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கேட்கவில்லை. அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் ஈரலை வைத்திருந்த இலையை நான் எடுத்தேன். வெள்ளைச் சேட்டோடு, இரத்தம் சொட்டுகிற ஈரலைக் கையில் ஏந்திக்கொண்டு, சந்திவரைக்கும் நடந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். "சேர் எங்கை போறார்?" என்று ஒருவன் கேட்டான், மற்றவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சந்தி மதிலில் ஒரு காகம் நின்றது. இலையை வைத்துவிட்டு விலகி நின்றேன். அது தலையைச் சரித்து என்னை ஒருதரம் பார்த்தது, பிறகு இறங்கி வந்து கொத்தியது. முழுவதையும் தின்னும்வரை நின்று பார்த்தேன். போகவும் வரவும் கால் மணித்தியாலம் பிடித்தது.

அத்தான் ஒன்று. பிள்ளை இரண்டு. கள்ளுக்கார அண்ணை மூன்று. கம்பத்தில் நான் தொங்கவிட்டதையும் சேர்த்தால், நாலு உயிர்.